காவிரிக் கரையில் வானக் கணக்கு

அரபுக் கல்லூரி மாணவர்கள் வானத்தைப் பற்றிக் கேட்கும் வினாக்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஹிஜ்ரி ஆண்டு ஏன் பருவங்களோடு ஒட்டாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது? கிரகணத்தை நிமிடக் கணக்கில் முன்னறிவிக்க முடிகிறபோது பிறையில் மட்டும் ஏன் இத்தனை பிணக்கு? நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று பாடத்தில் கேட்டோமே, ஆனி மாதத்தில் அது தெற்கே விழுவது எதனால்? பூமி அசைவற்றது என்று பழைய கிதாபுகள் கூறுவதை எவ்வாறு கொள்வது? நம் பள்ளிவாசலின் கிப்லா மேற்கா, வடமேற்கா?

இவற்றுக்கு நம்மவர் தரும் விடைகள் இரு வகையின. இவை தீனுக்குத் தேவையற்ற வினாக்கள் என்று மாணவனை அமர்த்திவிடுவது ஒன்று. புதிய கண்டுபிடிப்பு எதுவாயினும் அதற்கொரு திருவசனத்தைத் தேடிப் பொருத்திவிட்டு, விடை கூறிவிட்டதாக நிறைவு கொள்வது மற்றொன்று. முன்னது மாணவனின் அறிவை மதிக்கவில்லை. பின்னது திருவசனத்தையே மதிக்கவில்லை என்பது நமது கருத்து. நாளை அக்கண்டுபிடிப்பு திருத்தப்பட்டால் அவ்விளக்கத்தின் கதி என்னவாகும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நமது முன்னோர் இவ்விரு வழிகளிலும் செல்லவில்லை. அவர்கள் வானக் கணக்கைத் தனியொரு பாடமாகவே கற்பித்தனர்.

‘இல்முல் ஹைஆ’ எனப்பட்ட அப்பாடம் தர்ஸே நிஜாமியின் ஓர் உறுப்பாக இருந்தது. பஹாவுத்தீன் ஆமிலியின் ‘தஷ்ரீஹுல் அஃப்லாக்’ அதன் தொடக்க நூல்களுள் ஒன்று. அடுத்த நிலையில் ‘ஷரஹுல் சக்மீனி’. குவாரிஸ்மைச் சார்ந்த மஹ்மூது சக்மீனி 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சுருக்க நூலுக்கு, சமர்கந்தில் உலூக் பேக்கின் அவையில் இருந்த காழிஸாதா ரூமி எழுதிய விளக்கவுரை அது. சமர்கந்தில் மத்ரஸாவின் ஆசிரியர்களே வானாய்வுக் கூடத்திலும் பணியாற்றினர் என்பதை இங்கு நினைவில் நிறுத்த வேண்டும். இப்பாட மரபு தமிழகம் வந்ததற்குச் சான்றுக்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தர்ஸே நிஜாமியை வகுத்த முல்லா நிஜாமுத்தீனின் புதல்வர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்கள் ஆர்க்காட்டு நவாபின் ஆதரவில் சென்னை வந்து கற்பித்து, 1810-ல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கியிருக்கின்றார். பிற்காலத்தில் இப்பாடம் மெல்ல மெல்ல நழுவியது. இன்று பல கல்லூரிகளில் அதன் பெயர் மட்டுமே தெரியும்.

இனி வினாக்களுக்கு வருவோம். ஹிஜ்ரி ஆண்டு நகர்வதேன் என்னும் முதல் வினாவுக்கான விடை தஞ்சைத் தரணியின் ஒவ்வொரு விவசாயியின் கையிலும் இருக்கிறது. அடங்கலை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் ‘பசலி’ என்று ஓர் ஆண்டு எண் இருக்கும். ஃபஸ்ல் என்னும் அரபுச் சொல்லுக்குப் பருவம், அறுவடைக் காலம் என்பது பொருள். ஃபஸ்லீ என்றால் அறுவடையைச் சார்ந்தது. மகசூல், வசூல், பாக்கி, தாசில், ஜமாபந்தி என்று நிலவரிக் கணக்கில் வழங்கும் அரபு, பாரசீகச் சொற்களின் வரிசையில் இதுவும் ஒன்று. ஆயினும் மற்றவற்றைக் காட்டிலும் இதன் பின்னுள்ள வரலாறு சுவையானது.

சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாட்கள் கொண்டது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. இக்குறையைச் சரிக்கட்ட அரபியர் இடையிடையே ஒரு மாதத்தைச் செருகி வந்தனர். ‘நஸீ’ எனப்பட்ட அவ்வழக்கத்தைத் திருக்குர்ஆன் (9:37) விலக்கியது. அதன்பின் நோன்பும் ஹஜ்ஜும் எப்பருவத்துக்கும் உரியனவாக ஆண்டு முழுதும் சுற்றி வரலாயின. மேட்டூர் நீர் திறக்கும் நாளாக வகுக்கப்பட்டுள்ள ஜூன் 12-ஐ ஒட்டி 1983-ல் ரமளான் தொடங்கியது. குறுவைக்கு நாற்று விடும் காலத்தில் நோன்பு நோற்ற அத்தலைமுறையினர் மீண்டும் ஜூன் மாதத்தின் நடுப்பகுதியை ஒட்டி ரமளானைத் தொடங்க 2015 வரை, அதாவது 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வணக்கத்துக்கு இச்சுழற்சி அழகு. வரி வசூலுக்கோ இது பெருந்தொல்லை. நெல் சந்திரனைப் பார்த்து விளைவதில்லை. ஹிஜ்ரி ஆண்டுப்படி வரி தண்டினால் முப்பத்து மூன்று அறுவடைக்கு முப்பத்து நான்கு வரி என்றாகிவிடும்.

இதனை உணர்ந்தே அக்பர் காலத்தில் அறுவடையோடு ஒட்டிய சூரிய ஆண்டு ஒன்று வருவாய்த் துறைக்கென வகுக்கப்பட்டது. தக்காணத்தில் ஷாஜஹான் ஆட்சியில் 1636-ல், அப்போது நடப்பிலிருந்த ஹிஜ்ரி 1046-ஐ அப்படியே முதல் எண்ணாகக் கொண்டு அது தொடங்கிற்று. நம் பகுதியில் வழங்கும் பசலி இத்தக்காணப் பசலியே. ஒரே எண்ணில் புறப்பட்ட இரு ஆண்டுகள்; ஒன்று சந்திரனோடு நடந்தது, மற்றொன்று சூரியனோடு நடந்தது. 2025 ஜூன் இறுதியில் ஹிஜ்ரி 1447 பிறந்தது. ஜூலை 1 அன்று பசலி 1435 பிறந்தது. இடையே 12 ஆண்டு வேறுபாடு! 389 சூரிய ஆண்டுகளில் சந்திரன் முந்திச் சென்ற தொலைவு இது. மாணவர் எவரேனும் இவ்வினாவைக் கேட்டால் கரும்பலகையில் இவ்விரு எண்களையும் எழுதி, கழித்துப் பார்க்கச் சொல்வது போதும். நிலவரிச் சீட்டில் வாழும் ஹிஜ்ரியின் இந்த உடன்பிறப்பை நம்மிற் பலர் அறியாதிருப்பது வியப்பே.

நிழலைப் பற்றிய வினா இதனினும் எளிது. ஆனால் அதற்குப் புத்தகம் போதாது, முற்றத்தில் நாட்ட ஒரு கோல் வேண்டும். தொழுகை நேரங்களை விளக்கும் நூல்கள் பல, மகர, கடக ரேகைகளுக்கு அப்பாலுள்ள வடபுல நகரங்களில் எழுதப்பட்டவை. அந்நகரங்களில் நண்பகல் நிழல் ஆண்டு முழுதும் வடக்கேதான். தஞ்சாவூரோ வடக்கு அட்சரேகை 10.8 பாகையில் உள்ளது. ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 24-ஐ ஒட்டியும் கதிரவன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. அந்நாட்களில் செங்குத்தாக நட்ட கோலுக்கு நண்பகலில் நிழலே இராது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிழல் தெற்கே விழும். ஒரு மீட்டர் கோலுக்கு ஜூன் 21-ல் தெற்கே ஏறத்தாழ 22 செ.மீ.; டிசம்பர் 21-ல் வடக்கே ஏறத்தாழ 68 செ.மீ. அளந்து பார்க்கலாம்.

அஸர் நேரத்துக்கு இது இன்றியமையாதது. பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபி மத்ஹபு. இரு மடங்காகும்போது என்பது ஹனஃபி மத்ஹபில் பெரிதும் பின்பற்றப்படும் கருத்து. நாகூர், காரைக்கால் போன்ற கடற்கரை ஊர்களில் முன்னதும் உள்நாட்டு ஊர்களில் பின்னதும் பெரும்பாலும் வழங்குகின்றன. இரண்டுமே நிழற்கணக்குதான். ஆயினும் இன்று நாம் சுவரில் தொங்கும் அட்டவணையை நம்பியிருக்கிறோம். அது எவ்வூருக்குக் கணிக்கப்பட்டது என்று கேட்பதில்லை. சென்னைக்கும் தஞ்சைக்கும் நண்பகல் நான்கரை நிமிடம் வேறுபடும். நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்குமே ஏறத்தாழ மூன்று நிமிடம். தஞ்சையில் உண்மையான நண்பகல் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு நிகழ்வது அரிது. ஆண்டில் அது 11.57-க்கும் 12.28-க்கும் இடையே அலைகிறது. முற்காலப் பெரும் பள்ளிவாசல்களில் இதற்கென்றே ‘முவக்கித்’ என்னும் அலுவலர் இருந்தார். அவர் வானியல் கற்றவர்.

கிரகணம் பற்றிய வினாவில் நமது பகுதிக்குப் பெரும் பங்குண்டு. நபி (ஸல்) அவர்களின் புதல்வர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. 632 ஜனவரி 27 அன்று நிகழ்ந்தது அதுவே என்பர் கணித்தோர். குழந்தையின் மரணத்துக்காகவே கதிரவன் மறைந்தது என்று மக்கள் பேசியபோது, எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று நபியவர்கள் மறுத்துரைத்தது அறிந்ததே. தமக்குச் சாதகமாகப் பேசப்பட்ட ஒரு கற்பனையை அவர்களே உடைத்தெறிந்தார்கள் என்பதை மாணவர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

அவ்வழி வந்தவர்கள் வானக் கணக்கை எவரிடமிருந்தும் பெறத் தயங்கவில்லை. கலீஃபா மன்சூர் (ஆட்சி 754–775) காலத்தில் சிந்துவிலிருந்து பக்தாது சென்ற இந்திய வானியல் நூல் ‘சிந்துஹிந்து’ என அரபியில் வழங்கிற்று. குவாரிஸ்மியின் அட்டவணைகள் அதன் வழி எழுந்தவை. 1030-ஐ ஒட்டி இந்திய நூலை எழுதிய அல்பிரூனி, கிரகணத்தின் உண்மைக் காரணத்தை இந்தியக் கணிதர் அறிந்திருந்ததைப் போற்றினார். அறிந்திருந்தும் ராகுவின் கதைக்கு இடம் கொடுத்த பிரமகுப்தரைக் கடிந்தும் எழுதினார். போற்றுதலும் கடிதலும் ஒரே நேர்மையிலிருந்து பிறந்தவை.

இந்தியக் கணக்கு வடக்கிலிருந்து பக்தாது சென்றது போன்றே, பின்னொரு காலத்தில் காவிரிப் பூம்பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றது. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனைச் சார்ந்த வால்தர் என்பார் தமிழரின் காலக் கணக்கை ஆராய்ந்து எழுதிய நூல், 1738-ல் ருஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் பேயரின் நூலோடு இணைத்து அச்சிடப்பட்டது. அதே நூலில் இந்தியரின் சூரிய ஆண்டு பற்றி ஒரு குறிப்பு இடம்பெற்றது. அதை எழுதியவர் கணித மேதை ஆய்லர். தரங்கம்பாடியிலிருந்து சென்ற கணக்குப்படி ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. இது கதிரவன் விண்மீன்களைச் சார்ந்து ஒரு சுற்று வரும் காலம் என்பதை ஆய்லர் கண்டு கூறினார். இன்றைய அளவைவிட இது மூன்று நிமிடமும் சில விநாடியுமே மிகுதி.

பிரெஞ்சு வானியலார் லெ ஜென்தியின் கதை யாவரும் அறிய வேண்டியது. வெள்ளி கதிரவனைக் கடப்பதைக் காணப் புறப்பட்ட அவர், 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டமையால் கடலிலேயே நின்று வாய்ப்பை இழந்தார். எட்டாண்டு காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு ஆயத்தமாக நின்றார். அன்று காலை மேகம் மறைத்துவிட்டது. அத்தோல்விக்கிடையே அவர் செய்த நற்செயல், தமிழ்க் கணிதரிடம் கிரகணக் கணக்கைக் கேட்டுக் கற்றது. 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறைப்படி கணித்ததில் 41 விநாடியே குறைந்தது. அந்நாளைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி மிகுத்துக் காட்டியது.

இவ்வெற்றியை மட்டும் கூறி நிறுத்திவிடுவோர் உண்டு. அது முறையன்று. 1825-ல் சென்னையில் அச்சான ‘காலசங்கலிதம்’ என்னும் நூலில் ஜான் வாரன், புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இடையிலான சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைப் பதிவு செய்தார். அக்கணிதர் ஏடும் எழுத்தாணியுமின்றி, தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், அட்டவணைகளை நினைவிலிருந்து சொல்லியும் கணக்கை முடித்தார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை என்று பின்னாளில் ஆராய்ந்தனர். அக்கணிதருக்குக் கோட்பாடு ஒரு சொல்லும் தெரியவில்லை, நினைவாற்றலோ வியக்கத்தக்கது என்று வாரன் குறிக்கிறார்.

அவர் மனனம் செய்திருந்தவற்றின் அடிப்படை ‘வாக்கியங்கள்’ ஆகும். சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய 27 நாள் 13 மணி 18 நிமிடம் ஆகிறது. இத்தகைய ஒன்பது சுற்றுகள் 248 நாட்களுக்கு 13 நிமிடமே குறைவு. ஆதலின் 248 நாட்களுக்கு 248 வாக்கியங்கள் அமைத்தனர். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் எண்களைக் குறிக்கும். நம் மாணவர் அறிந்த அப்ஜத் கணக்கைப் போன்றதே கடபயாதி என்னும் அம்முறையும். இந்த 248 நாள் கணக்கு இராக் மண்ணில் கிடைத்த பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் உண்டு என்பதைச் சுட்டி, தமிழ் வானியல் பற்றி 1952-ல் ஆய்வெழுதினார் நியூகபவர். பாபிலோனில் எழுந்த எண் கிரேக்கர் வழியாகத் தமிழகம் வந்து, சோழி எண்ணும் ஒருவரின் நாவில் 1825 வரை உயிரோடிருந்தது!

நினைவின் பெருமையும் அதன் குறையும் இங்கே ஒருங்கே தெரிகின்றன. மத்னை மனனம் செய்து, பொருளறியாது ஒப்புவிக்கும் மாணவனை வகுப்பில் நாம் காண்கிறோம்; அவனுக்கு இக்கணிதரின் கதை சொல்லத்தக்கது. வானத்தை மீண்டும் மீண்டும் பார்த்துத் திருத்தாத கணக்கு எத்துணை அரியதாயினும் மெல்லப் பிசகும். சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி (மறைவு 1880) இதனை உணர்ந்து, பார்வைக்கு ஒத்த திருத்திய பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். 1874-ல் வெள்ளி கதிரவனைக் கடந்ததை மக்களுக்கு விளக்க அவர் எழுதிய சிறுநூல் உருதுவிலும் வெளிவந்தது.

அவ்வாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை. 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனி மீன ராசியுள் புகுந்தபோது, காரைக்காலை அடுத்த திருநள்ளாறு கோயில் நிர்வாகம் தாம் வாக்கிய முறையினர் என்றும் பெயர்ச்சி 2026-ல்தான் என்றும் அறிவித்தது. பார்த்து நகைப்பதற்கு நமக்குத் தகுதியில்லை. ஒரே தெருவில் இரு பெருநாள் கொண்டாடுவோர் நாம்.

ஆனால் நமது பிணக்கின் தன்மை வேறு. கிரகணம் என்பது நிழல் விழுவது. அதனைக் கணக்கு முற்றிலும் கட்டுப்படுத்தும். சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் சேரும் கணத்தையும் அவ்வாறே கூறிவிடலாம். பிறை கண்ணுக்குத் தெரிவதோ அக்கணத்தோடு முடிவதன்று. சூரியனிலிருந்து சந்திரன் விலகியுள்ள பாகை, அடிவானத்தின் மேல் அதன் உயரம், காற்றின் ஈரம், பார்ப்பவர் கண் ஆகிய யாவும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன. ஐப்பசி அடைமழையில் காவிரிப் படுகையின் மேற்கு வானத்தைப் பார்த்தவர்கள் இதனை அறிவர். குவாரிஸ்மி முதலாக வானியலார் பலர் பிறை தெரிவதற்கான அட்டவணைகளை அமைத்தும் ஒரு முடிந்த விதி கிடைக்காமைக்குக் காரணம் இதுவே. எனினும் கணக்கு ஒன்றை உறுதியாகக் கூறும்: இன்ன மாலையில் பிறை தெரியவே இயலாது என்பதை. அத்தகைய மாலையில் கண்டேன் என்று வரும் சாட்சியத்தை ஏற்கலாகாது என்று தகீயுத்தீன் சுப்கீ (மறைவு 1355) கருதினார். அவர் ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர். வேறு கருத்துடையோரும் இருந்தனர்; எவ்வாறாயினும் கணக்கைப் பற்றிப் பேசுவதே பித்அத் என்போர் சுப்கீயைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

பூமி சுழல்கிறதா என்பதில் நாம் நெடிது நிற்க வேண்டியதில்லை. ஷரஹுல் சக்மீனியில் பூமி நடுவே அசைவற்றிருப்பது தாலமியின் வழி வந்த கருத்து. அது அக்காலக் கணிதம், மார்க்கம் அன்று. டமாஸ்கஸ் உமவீப் பள்ளிவாசலில் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாதிர் (மறைவு 1375) சந்திரனின் இயக்கத்துக்கு வகுத்த அமைப்பும், 1543-ல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்டதும் கணித வகையில் ஒன்றே என்று 1957-ல் ஆய்வாளர் காட்டினர். இதைக் கொண்டு, சூரியனைப் பூமி சுற்றுவதை முதலில் கூறியவர் இப்னு ஷாதிரே என்று மேடைகளில் முழங்குகின்றனர். அவர் அவ்வாறு கூறவில்லை; அவரது அமைப்பிலும் பூமி நடுவேதான். இல்லாத புகழைச் சூட்டி உள்ள புகழை இழக்கச் செய்வது நன்றன்று. லக்னோவின் தஃபஸ்ஸுல் ஹுஸைன் கான் (மறைவு 1800) நியூட்டனின் ‘பிரின்சிபியா’வை அரபியில் ஆக்கும் பணியை மேற்கொண்டார். பஹ்ருல் உலூம் அவர்கள் சென்னையில் வாழ்ந்த அதே தலைமுறையில், சரபோஜி மன்னரின் தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமது ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் கோப்பர்நிக்கஸின் சூரிய மண்டலத்தையே தமிழ்ப் பாட்டில் அமைத்துவிட்டார். அறிவு எந்தத் தெருவில் குடியிருந்தது என்று அன்றைய தஞ்சை பார்க்கவில்லை.

எஞ்சியிருப்பது கிப்லா. இந்தியாவிலிருந்து மக்கா மேற்கே என்ற பொதுக் கருத்தில், நம் பழைய பள்ளிவாசல்கள் சில நேர் மேற்கு நோக்கி எழுப்பப்பட்டன. கோளக் கணக்கின்படி தஞ்சாவூரிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்கே சாய்ந்தது. இதனைக் கூறினால் ஊர்ப் பெரியவர்கள் மனம் நோவர்; பாட்டனார் தொழுத தொழுகை என்னாவது என்பர். திசையை நோக்குவதே போதும் என்று ஹனஃபி சட்ட அறிஞர்கள் விரிவாக எழுதியிருக்கின்றனர். ஷாஃபி நூல்கள் மேலும் நுணுக்கம் கோரினாலும், தம் அறிவுக்கெட்டியவரை முயன்று தொழுதவரைக் குறை கூறவில்லை. ஆதலின் சுவரை இடிக்க வேண்டியதில்லை, விரிப்பின் கோட்டைச் சாய்த்தால் போதும். அவ்வாறு சாய்த்த ஊர்களும் உள்ளன. கைப்பேசியின் திசைகாட்டியை நம்பாதோர்க்கு ஒரு வழி உண்டு. ஆண்டில் இரு முறை கதிரவன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கிறது: மே 27 அல்லது 28-ல் நமது நேரம் பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 15 அல்லது 16-ல் பிற்பகல் 2.57-க்கும். அப்போது தஞ்சையில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 51 பாகை உயரத்தில் இருக்கும். முற்றத்தில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டால் ஏறத்தாழ 81 செ.மீ. நிழல் விழும். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடிக்கு ஒரு கோடு இழுக்க, அக்கோடு செல்லும் திசையே கிப்லா. மே மாதத்தில் மேகம் மறைத்தால் ஜூலை வரை பொறுக்கலாம்.